தூண்டிலுக்கு எது மேல்: கிருஷ்ணகிரி அணையா, மலையடி அணைகளா?

வாணியாறு_தூண்டில்:
தூண்டில் போட எங்க போகலாம்னு யார் கேட்டாலும் கிருஷ்ணகிரி அணைன்னு கையைக் காட்டுறாங்க. அணை வாசல்ல பொரிச்சுக் கொடுக்கிற மீனுக்கு இருக்கிற பேரு அப்படி. ஆனா கரையில நின்னு கம்பு போடுறவங்களுக்கு தருமபுரிப் பக்கத்து மலையடி அணைகளான வாணியாறு, பஞ்சப்பள்ளி சின்னாறு, தொப்பையாறு மூணும்தான் மேல்னு நான் அடிச்சுச் சொல்வேன். வாணியாறுக்கும் தொப்பையாறுக்கும் சேர்வராயன் மலைத் தண்ணி தெளிவா வருது. அடுத்தது கரை. மலையடி அணைகள்ல பல இடத்துல கரை சட்டுனு இறங்கும். பதினஞ்சு அடி தூரத்துல போட்டாலே ஆள் ஆழம் கிடைக்கும். கிருஷ்ணகிரி அணையில தண்ணி கொஞ்சம் வத்தினாலே விளிம்பு எங்கேயோ போயிடும். அங்க எவ்வளவு தூரம் வீசினாலும் முழங்கால் தண்ணியிலதான் ஈயம் விழும்.

பெண்ணைக்கரை:
தம்பி, நீங்க குறையா சொல்ற தட்டைக் கரைதான் அந்த அணையோட பலமே. தண்ணி வத்தின மாசங்கள்ல அந்த வெளியில புல்லும் கோரையும் முளைச்சு நிக்கும். மழை வந்து மட்டம் ஏறும்போது அத்தனையும் முழுகும். புழு, பூச்சி, அழுகுற புல் எல்லாம் ஒரே இடத்துல கிடைக்கிறதால கெண்டை முழங்கால் தண்ணிக்கே மேய வரும். 52 அடி நிறைஞ்சு நிக்கிற அணையை விட, 40-லிருந்து ஏறிக்கிட்டு இருக்கிற அணை தூண்டிலுக்கு நல்லது. மட்டம் இறங்குற சமயத்துல மட்டும் நீங்க சொல்றது சரி. அப்ப மீன் பழைய ஆத்துப் பள்ளத்துக்குள்ள ஒதுங்கிடும், கரையில நின்னா எட்டாது.

மலைத் தண்ணி தெளிவா இருக்குங்கறீங்க. தெளிஞ்ச தண்ணியில பாசியும் நுண்ணுயிரியும் கம்மி. கட்லாவுக்கு அதுதான் சாப்பாடு. அதனால அங்க எடை ஏற நாளாகும். போதாததுக்கு தூண்டில் நரம்பு மீன் கண்ணுல பட்டுடும்.

வாணியாறு_தூண்டில்:
நரம்பை மாத்திக்கிட்டா போச்சு அண்ணா. தெளிவான தண்ணிக்கு 0.20 மில்லிமீட்டர், 10-ஆம் நம்பர் முள், ஈயமே இல்லாம தக்கை மட்டும். கரையில நிழல் விழாத பக்கமா உட்காரணும், அவ்வளவுதான். உங்க அணையில 0.35 நரம்பும் 20 கிராம் ஈயமும் போட்டு களி உருண்டையை இறக்கினா, பத்து நிமிஷத்துல பொடி ஜிலேபி மீன் மொத்தத்தையும் அரிச்சுடுது. முள் வெறுமனே கிடக்கும், நாம கம்பையே பார்த்துட்டு இருப்போம்.

பெண்ணைக்கரை:
அது களி பிடிக்கிற பக்குவத்தைப் பொறுத்தது. ராகி மாவு 250 கிராம் எடுத்து, வீட்டுக் களியை விடக் கெட்டியா கிண்டி முழுசா ஆற வைக்கணும். சூட்டோட பிசைஞ்சா கையில ஒட்டும், தண்ணியில அஞ்சு நிமிஷத்துல கரையும். ஆறினதுக்கு அப்புறம் வறுத்துப் பொடிச்ச கடலைப் புண்ணாக்கு 100 கிராம், மைதா 50 கிராம் போட்டு, கையில ஒட்டாத வரைக்கும் பிசையணும். புண்ணாக்கு வாசனைக்கு மட்டும்தான், அதுக்குப் பிடிப்பு கிடையாது. அளவு கூடினா வீசும்போதே உதிரும். அப்படி உதிர்ந்தா புண்ணாக்கைக் கூட்டாதீங்க, மைதாவைக் கூட்டுங்க. முள்ளுல நெல்லிக்காய் அளவு வெச்சு, முள் நுனி லேசா வெளிய தெரியணும். முழுசா மூடினா கெட்டி களிக்குள்ள முள் மாட்டிக்கும், கம்பைச் சட்டுனு வெட்டி இழுக்கும்போது மீன் வாயில ஏறாது.

பாரூர்_ஏரிக்கரை:
அண்ணா, பக்குவம் சரிதான், ஆனா ஜிலேபித் தொல்லை அதுல தீராது. ஜிலேபி குஞ்சை வாயில வெச்சுக் காப்பாத்துற மீன். நம்ம தட்பவெப்பத்துல வருஷம் பூரா குஞ்சு பொரிக்கும். நெருக்கம் கூடக் கூட, உள்ளங்கை அளவுலயே வளர்ச்சி நின்னுபோய், அந்த அளவுலயே மறுபடியும் முட்டை வைக்கும். பண்ணையில வளர்க்கிற கிஃப்ட் ரகம் வேற. எங்க பாரூர்ல மீன்வளப் பல்கலைக்கழக மையத்துல குஞ்சு உற்பத்தி பண்றது அதைத்தான். அணையில அரிக்கிறது அது இல்ல. ரோகு, மிர்கால் வேணும்னா மாவு இரையை விட்டுடுங்க. ஊற வெச்சு வேகவெச்ச மக்காச்சோள மணி ரெண்டு மூணைக் கோர்த்துப் போடுங்க. பொடி மீன் வாய்க்குள்ள அது போகாது.

இன்னொண்ணு, ரெண்டு பேருமே ஏரிகளை மறந்துட்டீங்க. நெடுங்கல் தடுப்பணையில இருந்து தென்பெண்ணைத் தண்ணி பாரூர் பெரிய ஏரிக்கு வருது. விரால் வேணும்னா அணைக்குப் போறதே வீண். செடி கொடி மண்டின ஏரி ஓரம்தான் விரால் இடம். அது மேல வந்து காத்தைக் குடிக்கிற மீன், அதனால செடி இடுக்குல தண்ணி லேசா அசையுறதை வெச்சே எங்க இருக்குன்னு தெரியும்.

ஓசூர்_நீர்நிலை:
இடம் பத்திப் பேசுறோம், தண்ணியோட தரத்தை ஒருத்தரும் தொடலையே. கிருஷ்ணகிரி அணைக்கு மேல, ஓசூர் பக்கம் தென்பெண்ணையில இருக்கிற கெலவரப்பள்ளி அணை மதகுல நுரை மலையா பொங்குறது எல்லாருக்கும் தெரியும். சுத்திகரிக்காத கழிவுநீர்ல சோப்பு வகை இரசாயனம் தங்கி, தண்ணி விழுற வேகத்துல நுரைக்குது. அதே தண்ணிதான் கிருஷ்ணகிரி அணைக்கும் வருது. கெலவரப்பள்ளியில மீன் இருக்கு, கடிக்கவும் செய்யுது. ஆனா அங்க மீன் இருக்கிறதை வெச்சுத் தண்ணி நல்லா இருக்குன்னு முடிவு பண்ணாதீங்க. ஜிலேபியும், தடை பண்ணின ஆப்பிரிக்கக் கெளுத்தியும் உயிர்வளி குறைஞ்ச தண்ணியிலயும் பிழைக்கும். ஆலைக் கழிவுல வர்ற உலோகம் மீனுக்குள்ள சேர்ந்தா, மஞ்சள் போட்டுக் கழுவினாலும் எண்ணெயில பொரிச்சாலும் போகாது. அங்க பிடிச்சா திரும்ப விட்டுடுங்க, சமைக்காதீங்க.

பெண்ணைக்கரை அண்ணா சொன்ன சத்தான தண்ணிக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. பச்சையா பாசி பூத்த தண்ணி பகல்ல உயிர்வளியை வெளிய விடும், ராத்திரி பூரா அதை உறிஞ்சும். விடியற்காலைதான் ரொம்பக் குறைஞ்ச நேரம். லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தா கெண்டை நல்லா மேயும், 3-க்குக் கீழ போனா இரையைத் திரும்பியும் பார்க்காது. காலையில மீன் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுனா பசின்னு நினைச்சு இரை போடாதீங்க, மூச்சு முட்டித்தான் வருது.

பெண்ணைக்கரை:
அந்த உயிர்வளிக் கணக்கை ஏத்துக்கறேன். கிருஷ்ணகிரி அணையில காலை 10 மணிக்கு மேல கடி கூடுறதுக்குக் காரணமும் அதுதான். விடியலுக்கே போய் உட்காருங்கங்கற பொது அறிவுரை பச்சைத் தண்ணிக்குப் பொருந்தாது.

ஆனா கெலவரப்பள்ளியையும் கிருஷ்ணகிரியையும் ஒரே தட்டுல வெக்காதீங்க. நடுவுல ஆறு நெடுந்தூரம் ஓடி வருது, அணையில தேங்கி வண்டல் படியுது. வேப்பனப்பள்ளி பக்கமிருந்து மார்க்கண்டேய நதியும் வந்து சேருது. மழைக்காலத்துல அந்த நதித் தண்ணி சேர்ற பக்கமா இடம் பிடிங்க. புதுத் தண்ணி வர்ற வாய்க்கு நேரா போடாம, கலங்கலும் தெளிவும் சந்திக்கிற கோட்டுல போடணும். கெண்டை அந்தக் கோட்டு ஓரமாத்தான் நிக்கும்.

ஓசூர்_நீர்நிலை:
தேங்கினா நுரை அடங்கும், உலோகம் எங்க போகும்? நீங்களே சொல்ற வண்டல்லதான் படியும். மிர்கால், கெளுத்தி ரெண்டும் அதைக் கிளறித்தான் மேயுது. நதி வாயில பிடிச்ச ரோகுன்னா எனக்கு ஆட்சேபணை குறைவு. அடிமண்ணைக் கிளறுற மீனுன்னா ஆட்சேபணை அப்படியேதான்.

அரூர்_புதுசு:
ஒரு சந்தேகம்ங்க. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைன்னு செய்தியில சொல்றாங்களே, அது நம்ம அணைக்கும் உண்டா?

பாரூர்_ஏரிக்கரை:
அது கடலுக்கு, விசைப்படகுக்கு. அணைக்கும் ஏரிக்கும் அந்தத் தடை கிடையாது தம்பி. அதுக்காக யார் வேணா பிடிக்கலாம்னு அர்த்தம் இல்ல. ஏரின்னா பெரும்பாலும் குத்தகைக்கு விட்டிருப்பாங்க, குத்தகைதாரர் காசு போட்டுக் குஞ்சு விட்டிருப்பார். அணையில மீன்வளத்துறை இல்லன்னா கூட்டுறவுச் சங்கத்துகிட்ட கேட்டுட்டு உட்காருங்க. வெடித் தோட்டா போடுறது, விஷ மருந்து கலக்குறது ரெண்டும் 1897-ஆம் வருஷச் சட்டத்துலயே குற்றம்.

வாணியாறு_தூண்டில்:
பாதுகாப்பையும் சொல்லணும் அரூர் தம்பி. எந்த அணையானாலும் மதகுக்குக் கீழ ஆத்துக்குள்ள இறங்கி நிக்காதீங்க. கிருஷ்ணகிரி அணையில 2017 நவம்பர்ல ஒரு மதகு உடைஞ்சே தண்ணி போச்சு. முறையாத் திறக்கிறப்பவும் அஞ்சு மாவட்டத்துக்கு வெள்ள எச்சரிக்கை விடுறாங்க. தண்ணி வத்தின கரையில மேல காய்ஞ்சு வெடிச்ச சேறைப் பார்த்து ஏமாறாதீங்க. அடியில களிமண் ஈரமா இருக்கும், தொடை வரைக்கும் இறங்கிடும். நீளக் கழியால குத்திப் பார்த்துட்டு அடி வைங்க.

பெண்ணைக்கரை அண்ணா, புரட்டாசி, ஐப்பசியில மட்டம் ஏறும்போது உங்க அணைன்னு ஒத்துக்கறேன். மாசி, பங்குனியில என் பக்கம் வந்துடுங்க. உங்க கரையில அப்ப வெறும் சேறுதான். மார்கழியில ரெண்டு இடமும் மந்தம். தண்ணி 20 டிகிரிக்குக் கீழ வந்தா கெண்டை மேய்ச்சலைக் குறைச்சுடும். அப்ப உச்சி வெயில்ல ரெண்டு மணி நேரம் கிடைச்சா பெருசு.

பெண்ணைக்கரை:
மாசிக்கு வாணியாறு, சரி. ஆனா பாரூர்த் தங்கச்சி விரால் இடத்தைச் சொல்லிட்டு முறையைச் சொல்லலை. செந்நிறக் குஞ்சுக் கூட்டம் மேல கொப்பளிக்கிற இடத்துல ரப்பர் தவளையை இழுத்தா தாய் விரால் அடிக்காம போகாது. அதை விட நிச்சயமான கடி வேற இல்ல.

பாரூர்_ஏரிக்கரை:
வேணும்னேதான் சொல்லலைங்க அண்ணா. அது பசியில அடிக்கிற அடி இல்ல, குஞ்சைக் காக்க அடிக்கிறது. தாயும் தகப்பனும் பக்கத்துலயே காவல் நிக்கும். ஒண்ணைத் தூக்கினாலே காவல் பாதி போச்சு. ரெண்டும் போனா உங்க அணையை அரிக்கிற அதே பொடி ஜிலேபி அந்தக் கூட்டத்தையும் தின்னு தீர்த்துடும். ஜிலேபிக் குஞ்சைத் தின்னு அதைக் கட்டுக்குள்ள வைக்கிறதே விரால்தான். குஞ்சு சிவப்பு மாறிக் கருத்து, கூட்டம் கலையுற வரைக்கும் அந்த ஏரி மூலையை விட்டுடுங்க. அதுவரைக்கும் குஞ்சு தெரியாத செடி ஓரமாப் பார்த்து அதே ரப்பர் தவளையை இழுங்க. அடிச்ச உடனே கம்பை வெட்டி இழுக்காதீங்க, ரெண்டு எண்ணுற நேரம் விடுங்க. விரால் முதல்ல கவ்வும், அப்புறம்தான் உள்ள இழுக்கும்.

பெண்ணைக்கரை:
குத்தகை ஏரியில நான் விட்டாலும் அடுத்த நாள் வலைக்காரர் விடமாட்டார் தங்கச்சி. அதுக்கு என்ன பண்றது?

பாரூர்_ஏரிக்கரை:
கூட்டம் தெரியுற மூலையில நாலு முள்வேலங்கிளையை வெட்டி இறக்கச் சொல்லி குத்தகைதாரர்கிட்ட பேசுங்க. வலை கிழியும்னு அங்க இழுக்க மாட்டாங்க. குஞ்சு பிழைச்சா அவருக்குத்தானே லாபம், சொன்னா கேட்டுக்குவார்.