சாண்டா (முள்வால் ஓணான்) நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். ராஜஸ்தான், சூரு மாவட்டம், தால் சாப்பர் சரணாலயம். நம்மாட்கள் அங்கே போவது வெளிமானுக்கும் பூனைப்பருந்துக்கும்தான், அதுவும் குளிர்காலத்தில். குளிரில் போனால் சாண்டா கண்ணில் படுவது அபூர்வம். வாலில் சேர்த்து வைத்த கொழுப்பை நம்பி வளைக்குள் முடங்கிக் கிடக்கும். நான் போனது மார்ச் கடைசி.

காலையில் கட்டாந்தரை முழுக்க வளைகள். பாதி வளைகளுக்கு வாயே தெரியவில்லை. உள்ளே போனதும் மண்ணைத் தள்ளி அடைத்துக்கொள்ளும் பிராணி இது. வெயில் சுள்ளென்று ஏறிய பிறகு ஒரு அடைப்பு லேசாக அசைந்தது. தலை வந்தது. வந்ததோடு சரி, வெகுநேரம் அப்படியே. பிறகு தோள், தொந்தி, கடைசியாகத்தான் அந்த முள் வரிசை போட்ட வால். வரும்போது கறுத்த மண் நிறம், உடம்பு சூடேற ஏற வெளுத்து மணல் நிறத்துக்கு வந்துவிட்டது. வண்டியில் இருந்தவர்கள் அதற்குள் பொறுமை இழந்து பருந்து பார்க்கப் போகலாம் என்றார்கள். நான் அசையவில்லை!

உருவத்தைப் பார்த்தால் ஏதோ முதலைக் குட்டி. தின்பதோ இலையும் பூவும், எப்போதாவது பூச்சி. வளையை விட்டு ரொம்பத் தள்ளிப் போவதில்லை. லகர் வல்லூறு, கழுகு, பாலைவன நரி என்று எல்லோருக்கும் இது இரை. அவ்வளவு நேரம் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு இருந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

*

தம்பி, நான் ராணுவத்தில் ஜெய்சல்மேர் பக்கம் இருந்தவன். சாண்டாவை அங்கே தினமும் பார்ப்போம், படம் எடுக்கணும்னு யாருக்கும் தோணினதில்லை. எனக்கு மறக்காதது வேற. ஒரு சந்தையில துணி விரிச்சு, நாலஞ்சு சாண்டாவைப் படுக்க வெச்சிருந்தான் ஒருத்தன். உயிர் இருக்கு, ஓட முடியல. முதுகெலும்பை முறிச்சு வெச்சிருக்கான். பக்கத்துல ஸ்டவ், வாணலி. கொழுப்பைக் கண் முன்னாலயே உருக்கி எண்ணெய் எடுத்துக் குப்பியில ஊத்தித் தர்றான். மூட்டுவலிக்காம், ஆண்மைக்காம். கொழுப்பை உருக்கினா கொழுப்புதானே வரும்? சுத்தி நின்ன கூட்டத்துல படிச்சவங்களும் இருந்தாங்க.

எப்படிப் பிடிப்பீங்கன்னு கேட்டேன். மறைக்காம சொன்னான். திறந்த வளையை விட்டுடுவாங்களாம். மூடின வளையைப் பார்த்தா ஆள் உள்ளே இருக்குன்னு அர்த்தம். புகை போடுவாங்க, தண்ணி ஊத்துவாங்க, இல்லேன்னா தோண்டிடுவாங்க. பாம்புக்கும் நரிக்கும் பயந்து சாத்தின கதவு மனுஷனுக்கு அடையாளமாப் போச்சு.

*

ஐயா சொன்னது நெஞ்சை என்னவோ செய்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பதும் விற்பதும் குற்றம். உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யூ.சி.என். பட்டியலில் ‘அழிய வாய்ப்புள்ள இனம்’. இருந்தும் அந்த எண்ணெய் வியாபாரம் இன்னும் ஓடுகிறது.

என் பங்குக்கு: குஜராத், கட்ச், நலியா புல்வெளி. கானமயில் என்ற அரிய பறவையைத் தேடிப் போய், கிடைத்தது சாண்டா மட்டும். இறுகிய தரை, கட்டை கட்டையாகப் புல், நல்ல வெயில் மூன்றும் இருக்கும் இடத்தில்தான் வளைகள் இருந்தன. சீமைக்கருவேலம் நெருக்கமாக ஏறிய பக்கம் நடந்து பார்த்தேன், ஒரு வளைகூட இல்லை. நம்மூர்க் கண்மாய்களைப் பிடித்த அதே மரம்தான். உழுத நிலத்திலும் இல்லை. எண்ணெய்க்காரனையாவது போலீஸ் பிடிக்கலாம், ‘தரிசு’ என்று எழுதிப் புல்வெளியைத் தாரை வார்ப்பதை யார் தடுப்பது?

*

ஏப்ரலில் தால் சாப்பர் போகிறேன். எந்த நேரம் சரி? கிட்டே போய் எடுக்கலாமா அண்ணா?

*

விடிகாலையில் போய்க் காத்திருக்க வேண்டாம், தரை சூடான பிறகு போங்கள். உச்சி வெயிலில் திரும்ப உள்ளே போய்விடும். கிட்டே போகாதீர்கள். ஒருமுறை பயந்து உள்ளே போனால் சீக்கிரம் வராது, மேயவேண்டிய நேரம் வீணாகும். வண்டியைப் பாதையை விட்டு இறக்கச் சொல்லாதீர்கள், சக்கரம் ஏறினால் வளை உள்ளே சரிந்துவிடும். வண்டிக்குள் உட்கார்ந்தே எடுக்கலாம், பழகிய வண்டிக்கு அது அவ்வளவாக மிரள்வதில்லை. படத்தை இங்கே போடுங்கள். வளை இருக்கிற இடத்தை மட்டும் போடாதீர்கள்.