புதுப்பிப்பு: சிங்கப்பூர் போய் வந்தோம், செலவு குறைந்த விதம்

செந்தோசாத் தீவில் இருக்கும் யுனிவர்சல் ஸ்டூடியோ கேளிக்கைப் பூங்காவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகத் தங்குமிடத்திலும் சாப்பாட்டிலும் எப்படி மிச்சம் பிடிக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். நேற்றுத் திருகோணமலை திரும்பினோம்.

செந்தோசாத் தீவிலேயே தங்காமல் லிட்டில் இந்தியாவில் அறை எடுத்ததுதான் பெரிய மிச்சம். அங்கிருந்து தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள ஹார்பர்ஃபிரண்ட் நிலையத்துக்கு ஒரே ரயில், இடையில் மாறத் தேவையில்லை. தீவுக்கு மொனோரயில் இருக்கிறது. ஆனால் கடல்மேல் போகும் நடைபாதை இலவசம். கேபிள் கார்கள் தலைக்கு மேலே போக, சின்னவள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே நடந்தாள்.

காலையும் இரவும் லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா சந்தை உணவுக்கடைகளில் தோசை, பிரியாணி. பூங்காவுக்குள் மதியச் சாப்பாடு மட்டும் வாங்கினோம். அந்த ஒருவேளைச் செலவே மற்ற இரண்டு வேளைச் செலவையும் விழுங்கிவிட்டது. குழாய்த் தண்ணீரைப் பயமின்றிக் குடிக்கலாம். வெறும் போத்தல் கொண்டுபோகச் சொன்ன அக்காவுக்கு மனமார்ந்த நன்றி.