பெரியம்மாவின் கனடாப் பயணம்

சின்ன மாமா: அக்காவின் ரிக்கெற்றைப் பார்த்தேன். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இரவு 9 மணி, ரொறன்ரோவில் மறுநாள் காலை 9.30. பன்னிரண்டரை மணித்தியாலம்தானே, இதற்கா இவ்வளவு பயம்?

நான்: மாமா, அந்த 9.30 அவர்களுடைய நேரம். கோடைகாலத்தில் எங்களைவிட ஒன்பதரை மணித்தியாலம் பின்னுக்கு நிற்கிறார்கள். பெரியம்மா அங்கே இறங்கும்போது திருகோணமலையில் இரவு 7 மணி. மொத்தம் 22 மணித்தியாலம்.

பெரியம்மா: 22ஓ? நேற்று 18 என்றாய் தம்பி.

நான்: 18 சொச்சம் வானத்தில் இருப்பது. துபாய்க்கு நாலரை, அங்கிருந்து 14. நடுவில் மூன்றரை மணித்தியாலம் துபாயில் காத்திருக்க வேண்டும்.

சின்ன மாமா: நான் கணக்குப் பார்த்தேன். கட்டுநாயக்கா - ரொறன்ரோ 14,000 கிலோமீற்றர். பிளேன் 900இல் ஓடினால் பதினைந்தரை. துபாயைச் சுற்றிப் போவதால்தான் இப்படி இழுக்கிறது.

நான்: சுற்று பெரிதாக இல்லை மாமா. துபாய்க்கு 3,300, அங்கிருந்து 11,000 சொச்சம், நேர் தூரத்தைவிட ஒரு 400தான் கூட. மேலே காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடிப்பதால் போகும்போது எதிர்க்காற்று, வரும்போது அதே காற்று பின்னால் தள்ளும், ரொறன்ரோவிலிருந்து துபாய்க்குப் பன்னிரண்டரையில் வந்துவிடலாம்.

சின்ன மாமா: அப்போ ஏன் நேரே மேற்கே போகாமல் வடக்கே ஏறுகிறான்?

நான்: வீட்டில் தோடம்பழம் இருக்கா? அதுதான் பூமி, காம்பு வடதுருவம் என்று வையுங்கள். துபாய்க்கு ஒரு குண்டூசி, ரொறன்ரோவுக்கு ஒன்று குத்தி, நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள்.

பெரியம்மா: நான் பிடித்துப் பார்த்தேன். முதலில் வழுக்கியது, இறுக்கினால் காம்புப் பக்கமாக ஏறிவிட்டு இறங்குகிறது.

நான்: அதுதான் குறுக்கு வழி பெரியம்மா. அந்த நூல் ஐஸ்லாந்துக்குப் பக்கத்தால் போகும். தட்டையான படத்தில் பார்த்தால்தான் வளைவு.

சுதா அக்கா (கனடா): அம்மா, ஜன்னல் பக்கம் எடுக்கவில்லை, நடைபாதைப் பக்கம்தான். இடைக்கிடை எழும்பி நடவுங்கள், இல்லாவிட்டால் கால் வீங்கும். கருவாட்டை ஒளிக்க வேண்டாம், இறங்கியதும் சாப்பாட்டுச் சாமான் இருக்கா என்று கேட்பார்கள், இருக்கிறது என்று சொல்லுங்கள்.

பெரியம்மா: ஒடியல் மாவும் இருக்கு. அதையும் சொல்லவா?

சுதா அக்கா (கனடா): எல்லாவற்றையும்.

சின்ன மாமா: கட்டுநாயக்காவுக்குப் போக வான்காரரிடம் எத்தனை மணி சொல்ல?

நான்: பின்னேரம் 6 மணிக்கு அங்கே நிற்க வேண்டும். இங்கிருந்து 250 கிலோமீற்றர், ஆறு மணித்தியாலம், அதைவிட வழியில் தம்புள்ளையில் சாப்பாடு. 11க்கு வெளிக்கிட்டால் சரி. துபாய் 3,300 கிலோமீற்றர், அதுவே நாலரைதான். எங்கள் ரோட்டுக்கு ஆறு 😄

பெரியம்மா: காலையில் கோணேசரைக் கும்பிட்டுவிட்டு வெளிக்கிடுவோம். என்னை ஏற்றிவிட்டு அன்று இரவே திரும்ப வேண்டாம், ஹபரணையில் ரோட்டில் யானை நிற்கும்.