மறுமொழி: குளிர்கால ஹெமொக்குக்கு மேலே கட்டும் டார்ப் – 'வாடைப்படங்கு'

> 'காற்றுத்தடுப்புத் துணிக்கூரை' என்று வைக்கலாமா?

வணக்கம் அக்கா. ஹெமொக் என்ற, இரண்டு மரத்துக்கு நடுவே தொங்கவிடும் படுக்கைக்கு மேலே கட்டும் டார்ப்புக்கு, அதாவது தறப்பாளுக்கு, நாம் தமிழ்ப் பேர் தேடுகிறோம். மேலே உள்ளது நீங்கள் கேட்டது.

'கூரை'யை எடுத்துவிடுவோம். கூரை என்றதும் வாசிக்கிறவர் அதை உயரத்தில் கட்டிவிடுவார். குளிர்காலத்துக்கு அது பிழையான கட்டு. ஹெமொக்கில் படுப்பவருக்குக் குளிர் முதுகால்தான் ஏறும். உடம்புப் பாரத்தில் நித்திரைப்பையின் பஞ்சு நசிந்துவிடும். நசிந்த பஞ்சு சூட்டைப் பிடித்து வைக்காது. கீழால் ஓடும் காற்று மிச்சச் சூட்டையும் கொண்டுபோய்விடும். அதனால்தான் கனடாவில் பனிக்குள் இப்படித் தங்குகிறவர்கள் டார்ப்பை நிலத்தோடு பதித்து, நீளப்பக்கத்தைக் காற்றுக்குக் காட்டி, இரண்டு அந்தத்தையும் மடித்து மூடுகிறார்கள்.

எனக்கு இது விளங்கியது மட்டக்களப்பின் கடற்கரை ஊரான வாகரையில், ஒரு தை மாதத்து இரவில். மீனவர் தங்கும் கொட்டிலான மீன்வாடிக்குப் பக்கத்தில் இரண்டு மரத்துக்கு நடுவே நைலோன் வலையைக் கட்டி, மழை வந்தால் என்று மேலே உயரத்தில் ஒரு தறப்பாளையும் கட்டிப் படுத்தேன். போர்வைக்குள் நெஞ்சு வேர்க்கிறது, முதுகு விறைக்கிறது. தறப்பாள் விடாமல் படபடவென்று அடிக்கிறது. வாடியில் இருந்த வயதான ஐயா ஒருவர் எழும்பி வந்தார். "வாடப் பக்கத்தப் பதிச்சுக் கட்டு மனே, படங்கு அடியாது" என்றார். கடற்பக்கத்துக் கயிறுகள் இரண்டையும் அவிழ்த்து, விளிம்பு மணலுக்கு ஒரு சாண் மேலே நிற்கும்படி முளையில் இழுத்துக் கட்டினார். சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் முதுகில் சூடு திரும்பியது.

அவர் வாயில் வந்த இரண்டு சொல்லும் நமக்குப் போதும். நெல் காயப்போட, மூட்டையை மூட என்று படங்கு இங்கே எல்லாருக்கும் தெரிந்த பொருள். அதோடு குளிர்காற்றான வாடையைச் சேர்த்தால் வாடைப்படங்கு.

வாடை வடக்குக் காற்றல்லவா, கனடாவில் மேற்காலும் குளிர்காற்று வருமே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் மேற்குக் காற்றான கச்சான் என்றால் மட்டக்களப்பில் முதலில் நினைவுக்கு வருவது மேற்குத் திசையல்ல, வெக்கையும் புழுதியும். அப்படித்தான் வாடை என்றால் குளிர்.

உறுப்புகளுக்கு அதிகம் யோசிக்கத் தேவையில்லை. மேலே ஓடுவது முகட்டுக்கயிறு, மூலையை இழுப்பது இழுகயிறு, நிலத்தில் அடிப்பது முளை. ஆப்பு வேண்டாம், அது பிளப்பதற்கு. ஹெமொக்குக்கு நீங்கள் சொன்ன 'தொங்குபடுக்கை'யில் உடம்பு வளைந்து கிடக்கும் வடிவம் தெரியவில்லை. ஏணை என்ற துணித்தொட்டில் பிள்ளைக்குரியது என்று தயங்குகிறீர்கள். 'ஆளேணை' என்றால் அந்தத் தயக்கம் தீராதா?

அந்தங்களை மூடும் துண்டுகளுக்குக் 'கதவு' என்று எழுதியிருந்தீர்கள். அவை தாழை மடல்போல ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடப்பவை. நான் மடல் என்பேன். திருக்கோவில், பொத்துவில் பக்கத்தில் வாடியின் ஓரத் தொங்கலுக்கு வேறு பேர் புழக்கத்தில் இருந்தால் எழுதுங்கள், அதையே எடுப்போம்.