பிடிபட்ட ஃபோக்க-வுல்ஃப் 190: அடிப்பக்க மஞ்சளுக்கு உதவி தேவை

1942 ஜூன் 23 அன்று வேல்ஸின் பெம்ப்ரே தளத்தில் வழிதவறி இறங்கி பிரிட்டிஷாரிடம் சிக்கிய ஜெர்மன் போர் விமானம், ஏ-3 ரகம், பிறகு எம்பி499 என்ற பிரிட்டிஷ் எண் பெற்றதே, அதை 1/48 அளவு மாதிரியாகச் செய்கிறேன். ஏ-5 ரகத்தின் கிட் (மாதிரிப் பாகங்களின் தொகுப்பு) உதவாது. அசல் ஏ-5க்கு மூக்கு சுமார் 15 செ.மீ. கூடுதல், இந்த அளவில் 3 மி.மீ. பளிச்சென்று தெரியும். ஏ-4 கிட்டில் வால் உச்சியிலுள்ள ஆன்டெனா கட்டையை அறுத்துத் தேய்த்தால் போதும். அதுவரை தொல்லையில்லை.

தொல்லை அடிப்பக்க மஞ்சளில்தான். சாம்பல் பிரைமர் (அடிப்பூச்சு) மேல் அடித்தால் பச்சையோடி மங்குகிறது. வெள்ளை மேல் அடித்தால் விளிம்புகளில் பெயின்ட் விலகி வெள்ளை எட்டிப்பார்க்கிறது. கெட்டியாக அடித்தால் பேனல் கோடுகள் அடைபடும், மஞ்சள் நிறமிக்கு மறைக்கும் திறன் அவ்வளவுதான்.

இளஞ்சிவப்பு பிரைமர் மேல் மெல்லிய பூச்சுகளாக அடித்துப் பார்த்தவர்கள் உண்டா? அக்ரிலிக்கா, லாக்கரா? மேலே பழுப்பும் பச்சையும் அடிக்க டேப் ஒட்டுமுன் எத்தனை மணி நேரம் காயவிடுகிறீர்கள்? வட்டச் சின்னத்தின் மஞ்சள் வளையமும் கரும்பச்சை மேல் அழுக்காகிறது. டெக்கலை (ஒட்டுப்படம்) விட்டுவிட்டு மாஸ்க் (மறைப்புத் தாள்) வெட்டி அடிப்பது மேலா? சோதனைத் துண்டின் படம் இருந்தால் போடுங்கள்.