மோட்ஸார்ட் குவார்ட்டெட்: சி ஷார்ப் மட்டும் ஏறி ஒலிக்கிறது

மோட்ஸார்ட் 1777இல் ஜெர்மனியின் மன்ஹைமில் எழுதிய டி மேஜர் புல்லாங்குழல் குவார்ட்டெட்டை (நால்வர் வாசிக்கும் இசை; பட்டியல் எண் கே. 285) அதே ஊரில் நண்பர்களோடு வாசித்துவருகிறேன். மெதுவான இரண்டாம் பகுதியான அடாஜியோவில் என் குழலின் நடு சி ஷார்ப் சுரம் சுருதிக்கு மேலே ஏறிவிடுகிறது. வயலின், வயோலா, செல்லோ மூன்றும் அங்கே பிட்சிகாட்டோதான், அதாவது வில்லில்லாமல் விரலால் மீட்டுவது. மீட்டிய ஒலி உடனே அடங்கிவிடுவதால் காதுக்குப் பிடிமானமே இல்லை. செல்லோக்காரர் சிரிப்பை அடக்கப் படாதபாடு படுகிறார்.

குழல் வெள்ளிப்பூச்சுள்ள மாணவர் ரகம், நடுவில் துளையில்லாத மூடிய சாவிகள். இலையுதிர் காலத்திலிருந்து இதே தொல்லை. தலைப்பகுதியை வெளியே இழுத்தேன். மற்ற சுரங்களும் சேர்ந்து இறங்கிப்போயின. தலைப்பகுதிக்குள் இருக்கும் தக்கை 17 மி.மீ. குறியில் சரியாகவே இருக்கிறது. வலக்கை விரல்களையும் சேர்த்து மூடினால் சுருதி இறங்குகிறது, நாதமோ மங்கிவிடுகிறது.

நாதம் கெடாமல் அந்த ஒரு சுரத்தை மட்டும் தாழ்த்த எந்த விரலமைப்பு அல்லது உதட்டு நிலை உங்களுக்குக் கைகொடுத்தது?