புதுப்பிப்பு: பூட்டிய வீட்டில் கரண்ட் இருக்கிறதா?

தென்காசிப் பக்கம் உள்ள ஊர் வீட்டில் கரண்ட் போனால் சென்னையிலிருந்து எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி ரூட்டரை இன்வர்ட்டரிலும் ஸ்மார்ட் பிளக்கை (வைஃபை மூலம் போன் ஆப்பில் தன் நிலையைக் காட்டும் பிளக்) இன்வர்ட்டர் இல்லாமல் நேராக மெயின் லைனிலும் போட்டேன். பிளக் மட்டும் ஆஃப்லைன் ஆனால் கரண்ட் இல்லை, ரூட்டரும் சேர்ந்து போனால் பெரும்பாலும் நெட் கோளாறு. நன்றாகவே வேலை செய்தது.

ஆனால் எங்களுடையது மூன்று பேஸ் இணைப்பு, அதாவது கரண்ட் மூன்று தனி லைன்களில் வரும், ஒன்று போனாலும் மற்றவை இருக்கலாம்; அதை நான் யோசிக்கவில்லை. போன வாரம் பிரிட்ஜ் இருந்த பேஸ் மட்டும் போக, பிளக் வேறு பேஸில் இருந்ததால் ஆப் எல்லாம் சரி என்றே காட்டியது. பக்கத்து வீட்டு அக்கா போய்ப் பார்த்தபோது பிரிட்ஜிலிருந்து தண்ணீர் தரையெல்லாம் வழிந்திருந்தது, பிரிட்ஜ் கதவில் வைத்திருந்த அப்பாவின் இன்சுலின் வெதுவெதுப்பாக இருந்ததாம். அத்தனையையும் தூக்கிப் போட்டோம், மனசே ஆறவில்லை.

இப்போது எலெக்ட்ரீஷியனை வைத்து பிளக்கை பிரிட்ஜ் இருக்கும் பேஸுக்கே மாற்றிவிட்டேன். மூன்று பேஸ் உள்ளவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.